மூச்சு முட்டி வருகிறவருக்கு எந்த இரத்தப் பரிசோதனை? வன்னி ஆஸ்பத்திரிகளுக்கான ஓர் ஒப்பீடு

"தம்பி, இருதய வருத்தக்காரருக்கு எண்டு ஒரு மெஷின் வாங்கித் தரலாம் எண்டு சங்கத்தில கதைக்கிறம். எது வேணும் எண்டு சொல்லுங்கோ." வெளிநாட்டு ஊர்ச்சங்கங்களில் இருந்து வன்னி ஆஸ்பத்திரிகளுக்கு இப்படி அழைப்பு வருவது வழமை. அண்மைக்காலமாக அந்தக் கேள்வியோடு ஓர் இரத்தப் பரிசோதனையின் பெயரும் சேர்ந்து வருகிறது: பி.என்.பி. தாங்கள் இருக்கும் நாட்டில் மூச்சு முட்டி வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் செய்கிறார்கள், இங்கே ஏன் செய்வதில்லை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வன்னியில் ஓர் ஆதார வைத்தியசாலையில் வேலை செய்யும் டொக்டர் என்ற முறையில் என் பதிலை விரிவாகவே எழுதுகிறேன். சங்கத்து அண்ணைமாருக்கு மட்டுமல்ல, இங்கே புதிதாக வேலைக்கு வரும் டொக்டர்மாருக்கும், வீட்டில் இருதய நோயாளியை வைத்துப் பார்ப்பவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இதயச் செயலிழப்பு திடீரென்று முற்றி, நுரையீரலில் நீர் கோத்து, கால் வீங்கி, படுக்க முடியாமல் ஒருவர் வரும்போது, "இது இருதயம்தானா?" என்பது ஒரு கேள்வி. "இவர் தப்புவாரா, வாட்டில் மோசமாவாரா, வீட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்குள் திரும்பி வருவாரா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு வயது, கழுத்து நாளம், நெஞ்சுச் சத்தம், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, கிடைத்தால் இதய ஸ்கானான எக்கோ என்று வழிகள் உண்டு. இரண்டாவது கேள்விதான் இங்கே எங்களை அலைக்கழிக்கிறது. இவரை இங்கேயே வைத்துப் பார்ப்பதா, பரந்தன் வழியாக யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு அம்புலன்சில் அனுப்புவதா? நாளைக்கு வீட்டுக்கு விடலாமா, இன்னும் இரண்டு நாள் வைத்திருப்பதா? இந்த முடிவுகளில் ஒன்றையாவது மாற்றாத பரிசோதனைக்குச் செலவழிக்கும் காசு வீண் என்பது என் கருத்து.

இன்னோர் அளவுகோலையும் வைத்திருக்கிறேன். முன்கணிப்பை, அதாவது நோயாளிக்கு இனி என்ன ஆகும் என்பதைப் பொறுத்தவரை ஒரு தடவை எடுத்த இலக்கத்தைவிட, ஒரே ஆளில் இரண்டு தடவை எடுத்த இலக்கங்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் அதிகம் பேசும். இரணைமடுக் குளத்தில் இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று மட்டும் சொன்னால் கீழே இருக்கும் ஊருக்குப் போதாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிய வேண்டும். ஆகவே ஒரு நோயாளிக்கு இரண்டு தடவை, எந்த நேரத்திலும், வருடம் முழுவதும் செய்ய முடியாத பரிசோதனையை நான் கடைசியில்தான் வைப்பேன்.

பெரிய பெயரில் இருந்தே தொடங்குவோம். இதயத்தின் கீழறைச் சுவர் இழுபடும்போது அந்தத் தசை ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அது இரண்டாக வெட்டுப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. ஒரு துண்டு பி.என்.பி.; சலத்தோடு உப்பை வெளியேற்றும் ஹோர்மோன் அது. மற்றத் துண்டு என்.ரி. புரோ பி.என்.பி.; அதற்கு வேலை எதுவும் இல்லை, ஆனால் இரத்தத்தில் கூடிய நேரம் நிற்கும். 2002இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மூச்சுத்திணறலோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,586 பேரில் பி.என்.பி. அளந்து பார்த்தார்கள். அதன் பிறகுதான் இந்தப் பரிசோதனை உலகம் முழுக்கப் பரவியது. மில்லிலீட்டருக்கு பி.என்.பி. 100 பிகோகிராமுக்குக் கீழே, அல்லது என்.ரி. புரோ பி.என்.பி. 300க்குக் கீழே இருந்தால் திடீர் இதயச் செயலிழப்பு அநேகமாக இல்லை எனலாம். நோய் உண்டு என்று சொல்வதற்கு என்.ரி. புரோ பி.என்.பி.க்கு வயதைப் பார்க்க வேண்டும்: 50க்குக் கீழ் 450, 50 முதல் 75 வரை 900, அதற்கு மேல் 1,800.

இது நோயைக் கண்டுபிடிக்கும் பகுதி. முன்கணிப்பில் என்ன நிலை? திடீர் இதயச் செயலிழப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பதிந்த அமெரிக்காவின் அட்ஹியர் பதிவேட்டில், அனுமதிக்கும்போது பி.என்.பி. 430க்குக் கீழே இருந்தவர்களில் 1.9 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். 1,730ஐத் தாண்டியவர்களில் அது 6.0 சதவீதம். வித்தியாசம் உண்மையானது. ஆனாலும் அவசர சிகிச்சைப் பிரிவான ஈ.ரி.யு.வில் ஒரு ஆளின் முன்னால் நின்றுகொண்டு 1.9க்கும் 6க்கும் இடையில் முடிவெடுப்பது லேசான வேலை அல்ல. உயர்ந்த இலக்கம் வந்தவர்களிலும் நூறுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் உயிரோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. பயந்து எல்லோரையும் அம்புலன்சில் ஏற்றினால், உண்மையிலேயே போக வேண்டியவருக்கு அம்புலன்ஸ் இருக்காது.

இந்தப் பரிசோதனையின் பலம் தெரிவது வீட்டுக்குப் போகும் நாளில். வரும்போது இருந்த அளவைவிட என்.ரி. புரோ பி.என்.பி. 30 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அவருடைய அடுத்த ஆறு மாதம் ஓரளவு நல்லபடியாகப் போகும் வாய்ப்புக் கூட. இறங்காமலே நின்றாலோ, ஏறியிருந்தாலோ, அவர் திரும்பி வருவார் அல்லது இறப்பார் என்ற அபாயம் தெளிவாகக் கூடுகிறது. வரும்போது எடுத்த இலக்கத்தைவிட வெளியேறும்போது எடுத்த இலக்கம் நல்ல முன்கணிப்பைத் தருகிறது என்பதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆகவே ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு கசற்தான் (ஒரு தடவை பரிசோதிக்க மெஷினில் போடும் தட்டு) இருக்கிறது, நோய் இருதயம்தான் என்பதில் சந்தேகமும் இல்லை என்றால், அதை ஈ.ரி.யு.வில் போடாமல் வெளியேறும் காலையில் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். நடைமுறையில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது.

இனி, வன்னிக்கே உரிய ஒரு சிக்கல். என்.ரி. புரோ பி.என்.பி. பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்ட, காரணம் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாப் பக்கமும் இருக்கிறது. வயலில் வேலை செய்யும் ஆண்களைத்தான் அது கூடுதலாகப் பிடிக்கிறது. அப்படியான ஒருவருக்கு மூச்சு முட்டாத நாளிலேயே இந்த அளவு ஆயிரக்கணக்கில் இருக்கலாம். வயது போனவர்களிலும், இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் அடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களிலும் அப்படித்தான். மறுபக்கம், உடல் பருத்தவர்களில் அளவு குறைந்து காட்டும். அமெரிக்காவில் இது பெரிய தலையிடி. மெலிந்த உடம்போடு வரும் எங்கள் கமக்காரர்களில் அவ்வளவாகக் குழப்பாது. சிறுநீரக நோயாளியைப் பொறுத்தவரை தனி இலக்கத்தை நம்பவே முடியாது. அவருடைய பழைய இலக்கத்தோடு ஒப்பிட்டால் மட்டுமே பொருள் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மெஷின் விற்க வருபவர்கள் இதைச் சொல்வதில்லை. இந்த இலக்கம் எதிர்காலத்தை நன்றாகச் சொல்கிறது என்பதற்காக, அதைப் பார்த்துப் பார்த்து மருந்து கொடுத்தால் நோயாளி அதிக நாள் வாழ்வார் என்று ஆகிவிடாது. வாட்டிலேயே 30 சதவீத இறக்கத்தை இலக்காக வைத்துச் சிகிச்சை செய்த பிரிமா 2 ஆய்வு 2018இல் வெளியானது, 405 பேர். வழமையான சிகிச்சையைவிட நன்மை காணவில்லை. வெளியே கிளினிக்கில் வைத்துச் செய்த கைட்-ஐடி ஆய்விலும், 894 பேரில், 2017இல் இதே முடிவுதான். முன்கூட்டி எச்சரிப்பது வேறு, சிகிச்சை வேறு.

பி.என்.பி.யா, என்.ரி. புரோ பி.என்.பி.யா என்று கேட்டால் எனக்கு இதில் தயக்கம் இல்லை. பி.என்.பி. குழாயில் நிற்கும்போதே சிதையத் தொடங்கும். இரத்தம் எடுத்து நாலு மணித்தியாலத்துக்குள் செய்துவிடுவது நல்லது. என்.ரி. புரோ பி.என்.பி. சாதாரண அறை வெப்பத்தில் மூன்று நாள் வரை தாங்கும். பிரதேச வைத்தியசாலை ஒன்றில் எடுத்த இரத்தம் மத்தியானம் வாகனத்தில் ஏறி, கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய்ச் சேர்ந்து, அடுத்த நாள் பார்க்கப்படும் இடத்தில் இது பெரிய விஷயம். அதோடு, சாக்குபிட்ரில் சேர்ந்த புது மருந்தைக் குடிப்பவர்களில் பி.என்.பி. சிதைவது தடைப்பட்டு அளவு ஏறிக் காட்டும். மற்றதற்கு அந்தக் குழப்பம் இல்லை. பி.என்.பி. வேண்டாம், வாங்குவதானால் என்.ரி. புரோ.

இப்போது, யாரும் நன்கொடையாகத் தர முன்வராத பரிசோதனைகளுக்கு வருவோம்: சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியா, கிரியேற்றினின், அதோடு உப்புகளான சோடியம், பொட்டாசியம்.

அதே அட்ஹியர் பதிவேட்டில் இருந்து 2005இல் ஒரு கணக்கு வெளியானது. அனுமதியின்போது கிடைக்கும் 39 விவரங்களை எடுத்து, எது மரணத்தை அதிகம் காட்டுகிறது என்று தேடினார்கள். முதலிடத்தில் வந்தது யூரியா. அடுத்தது மேல் இரத்த அழுத்தம். மூன்றாவது கிரியேற்றினின். யூரியா குறைவாகவும் மேல் அழுத்தம் 115க்குக் குறையாமலும் இருந்தவர்களில் ஆஸ்பத்திரி மரணம் 2.1 சதவீதம். யூரியா கூடி, அழுத்தம் 115க்குக் கீழிறங்கி, கிரியேற்றினினும் 2.75ஐத் தொட்டவர்களில் அது 21.9 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம், அதுவும் மிக மலிவான இரண்டு இரத்தப் பரிசோதனைகளையும் ஒரு பிரஷர் மீற்றரையும் வைத்துக்கொண்டு! கனடாவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கென்று உருவாக்கிய ஏழு நாள் அபாயக் கணக்கிலும் கிரியேற்றினின், பொட்டாசியம், இதயத்தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் ஏறும் ட்ரொப்போனின் ஆகியவை இருக்கின்றன; பி.என்.பி. இல்லை. ஸ்பெயினில் உருவான கணக்கு ஒன்றில் என்.ரி. புரோ பி.என்.பி. உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அது பதின்மூன்று விவரங்களில் ஒன்று மட்டுமே.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் கட்டுரைகளில் வரும் 43 என்ற எல்லை யூரியாவில் உள்ள நைதரசனின் அளவு. எங்கள் ரிப்போர்ட்டில் வருவது முழு யூரியா. ஆகவே எங்கள் எல்லை டெசிலீட்டருக்கு ஏறத்தாழ 92 மில்லிகிராம், அல்லது லீட்டருக்கு 15 மில்லிமோல். கிரியேற்றினின் டெசிலீட்டருக்கு 2.75 மில்லிகிராம் என்பது லீட்டருக்கு ஏறத்தாழ 243 மைக்ரோமோல். புதிதாக வரும் டொக்டர்மார் இதை ஈ.ரி.யு. மேசையில் ஒட்டி வைப்பது நல்லது. 43 என்ற இலக்கத்தை அப்படியே எடுத்தால் சாதாரணமானவரும் அபாயத்தில் இருப்பதாகத் தோன்றும்.

யூரியா ஏன் இவ்வளவு பேசுகிறது? இதயம் தள்ளும் இரத்தம் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போவதும் குறைகிறது. உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹோர்மோன்களைக் கொட்டுகிறது, அந்த ஹோர்மோன்கள் தண்ணீரோடு சேர்த்து யூரியாவையும் திரும்ப உறிஞ்ச வைக்கின்றன. இதயம், சிறுநீரகம், ஹோர்மோன் ஆகிய மூன்றின் நெருக்கடியும் ஒரே இலக்கத்தில் தெரிகிறது. சோடியம் குறைவதும் இதே கதையின் இன்னொரு முகம். 135க்குக் கீழே சோடியத்தோடு வருகிறவரை நான் லேசாக எடுப்பதில்லை.

சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ளவரில் யூரியாவும் கிரியேற்றினினும் எப்போதும் கூடத்தான் இருக்கும். அப்போது என்ன செய்வது? கிளினிக் கொப்பியைக் கேட்க வேண்டும். இரவு ஒரு மணிக்கு ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கிய ஒருவரின் மனைவி, "படுக்கேலாது டொக்டர், மூண்டு நாளா இருந்தபடிதான் நித்திரை" என்று சொல்லிக்கொண்டே சொப்பிங் பையில் இருந்து கொப்பியை எடுத்துத் தந்தா. மழையில் நனைந்து ஓரம் சுருண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முதல் கிரியேற்றினின் 2.6 என்று அதில் எழுதியிருந்தது. அன்று இரவு வந்தது 2.8. அந்தக் கொப்பி இல்லாவிட்டால் 2.8ஐப் பார்த்து, சிறுநீரகம் இப்போதுதான் படுத்துவிட்டது என்று பயந்து, சலத்தோடு நீரை வெளியேற்றும் ஃபுரோசமைட் ஊசியைக் குறைத்திருப்போம். கொப்பி இருந்ததால் சரியான அளவு போட்டோம், விடியும்போது அவர் இரண்டு தலையணையில் சாய்ந்து நித்திரை கொண்டார். கொப்பியைக் கையோடு கொண்டுவாருங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

ஊசி போடத் தொடங்கிய பிறகு கிரியேற்றினின் கொஞ்சம் ஏறும்போது பலருக்குக் கை நடுங்கும். 2011இல் வெளியான டோஸ் ஆய்வில், 308 பேரில், கூடிய அளவு ஃபுரோசமைட் பெற்றவர்களுக்குக் கிரியேற்றினின் அடிக்கடி ஏறியது உண்மை. ஆனால் அறுபது நாள் கழித்துப் பார்த்தபோது அவர்கள் மோசமாகவில்லை. வீக்கம் வற்றுகிறது, மூச்சு இலகுவாகிறது, நிறை குறைகிறது என்றால் அந்தச் சிறிய ஏற்றத்தைக் கண்டு மருந்தை நிறுத்தக் கூடாது. வீக்கமும் வற்றாமல் கிரியேற்றினினும் ஏறினால்தான் பயம். அந்த ஆளைப் பற்றித்தான் யாழ்ப்பாணத்துக்கு ஃபோன் எடுக்க வேண்டும். இலக்கம் ஒன்றுதான், கட்டிலில் இருக்கும் ஆளைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது.

இந்த மலிவான பரிசோதனைகளிலும் பிழைக்க இடமுண்டு. இரத்தத்தை மெல்லிய ஊசியால் இழுத்து எடுத்து, குழாயில் பலமாகத் தள்ளி, பள்ளமும் திட்டியுமான வீதியில் குலுக்கிக்கொண்டு போனால் சிவப்பணுக்கள் உடையும். பிரித்தெடுத்த சீரம் வைக்கோல் நிறத்தில் இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும், பொட்டாசியம் இல்லாத உயரத்தில் காட்டும். அதை நம்பி, பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ஸ்பைரோனோலக்டோன் குளிசையை நிறுத்தினால், இருதயத்துக்கு நன்மை செய்யும் ஒரு மருந்தை அவர் காரணமில்லாமல் இழக்கிறார். எலெக்ட்ரோலைட், அதாவது சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளைப் பார்க்கும் சிறிய இயந்திரம் அதே கட்டடத்தில், இருபத்துநாலு மணித்தியாலமும் ஓடவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதே இயந்திரத்தால் சலத்தில் உள்ள சோடியத்தையும் பார்க்கலாம். ஃபுரோசமைட் ஊசி போட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்த சலத்தில் சோடியம் லீட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் அந்த ஊசி போதவில்லை, அளவைக் கூட்ட வேண்டும் என்று ஐரோப்பிய இருதய வைத்தியர்கள் 2019இல் இருந்து சொல்லி வருகிறார்கள். இந்த வழியில் சிகிச்சை செய்த நெதர்லாந்து ஆய்வொன்றில், 310 பேரில், உப்பு கூடுதலாக வெளியேறியது. ஆறு மாத மரணமோ திரும்பி வருவதோ குறையவில்லை. ஆகவே இதை அதிசயமாக விற்க மாட்டேன். ஆனால் விடியும்வரை காத்திராமல், இரவு மூன்று மணிக்கே மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள முடிவது, பெரிய டொக்டர் அருகில் இல்லாத ஒரு வாட்டில் எவ்வளவு ஆறுதல் என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். இரத்தம்கூடத் தேவையில்லை.

ட்ரொப்போனின் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாரடைப்புக்காக அது எப்படியும் தேவை. இதயச் செயலிழப்புக்காகத் தனியாக வாங்க வேண்டியதில்லை. பழைய வகைப் பரிசோதனையில் ட்ரொப்போனின் ஏறியிருந்த இதயச் செயலிழப்பு நோயாளிகளில் ஆஸ்பத்திரி மரணம் 8.0 சதவீதம், ஏறாதவர்களில் 2.7 என்று அட்ஹியர் தரவு காட்டியது. புதிய, நுண்ணிய வகைப் பரிசோதனையில் நிலைமை வேறு: ஒரு பெரிய ஆய்வில் திடீர் இதயச் செயலிழப்போடு வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இயல்பான எல்லையைத் தாண்டியிருந்தது. எல்லோருக்கும் ஏறியிருந்தால் ஏறியிருக்கிறது என்பது செய்தி அல்ல. எவ்வளவு, சில மணித்தியாலத்தில் இன்னும் ஏறுகிறதா என்பதே செய்தி. ஆம், இல்லை என்று மட்டும் கோடு காட்டும் கசற் அதைச் சொல்லாது. இலக்கம் தரும் மெஷின் வேண்டும். மாரி காலத்தில் இன்னொரு கவனம் தேவை. வயலுக்குள் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் வந்தாலும் இதயத்தசையும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். ட்ரொப்போனினும் கிரியேற்றினினும் சேர்ந்தே ஏறும். காய்ச்சல் இருந்ததா, கண் சிவந்ததா, கெண்டைக்கால் நொந்ததா என்று கேட்காமல் அந்த இலக்கங்களை வாசிக்கக் கூடாது.

இரத்தத்தில் அளக்கும் மற்றக் குறியீடுகள்? எஸ்.ரி. 2 நல்ல குறியீடு, சிறுநீரக நோயால் அவ்வளவாகக் குழம்பாது என்பதால் எங்கள் ஊருக்குப் பொருத்தம் என்றுகூட நினைக்கத் தோன்றும். அட்ரெனோமெடுலின் என்ற ஹோர்மோனின் ஒரு துண்டை அளந்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், 1,641 பேரில், மூன்று மாத மரணத்தை அது பி.என்.பி.யைவிட நன்றாகக் காட்டியது. கலெக்ரின் 3 சிறுநீரக நோயிலும் ஏறும். சூலகப் புற்றுநோயைத் தொடர்ந்து பார்க்கப் பயன்படும் சி.ஏ. 125, உடம்பில் நீர் கோத்திருப்பதைக் காட்டுகிறது என்று இப்போது பேசுகிறார்கள். கூடுதலான ஆய்வுகூடங்களில் கிடைப்பது என்பதால் அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆர்வம் உண்டு. ஆனால் இவற்றில் எதுவும் இரவு இரண்டு மணிக்கு வன்னியில் ஒரு முடிவை மாற்றப்போவதில்லை. இப்போதைக்கு இவற்றுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

அப்படியானால் காசை எங்கே போடுவது? ஆஸ்பத்திரியைப் பொறுத்தது. பிரதேச வைத்தியசாலையில் இரத்த அழுத்தம், ஒட்சிசன் அளவு, ஈ.சி.ஜி. சரியாகப் பார்த்து, ஆபத்தானவரை நேரத்துக்கு அனுப்புவதே வேலை, அங்கே பி.என்.பி. மெஷின் தேவையில்லை. எங்களைப் போன்ற ஆதார வைத்தியசாலையில், யூரியா, கிரியேற்றினின், எலெக்ட்ரோலைட் ஆகியவை ஒரு மணித்தியாலத்துக்குள், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். வரவில்லை என்றால் சங்கத்தின் காசு அதற்குத்தான். வருகிறது என்றால், அடுத்தது என்.ரி. புரோ பி.என்.பி.யும் ட்ரொப்போனினும் இலக்கமாகத் தரும் ஒரே சிறிய மெஷின். அப்படி இரண்டையும் செய்பவை சந்தையில் இருக்கின்றன. எக்கோவும் பொது மருத்துவ நிபுணரும் இருக்கும் மாவட்டப் பொது வைத்தியசாலையில் வெளியேறும்போது செய்யும் என்.ரி. புரோ பி.என்.பி.யை வழமையாக்கலாம்.

மெஷின் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மெஷின் ஒருமுறை, கசற் ஒவ்வொரு நோயாளிக்கும். மூன்று வருடத்துக்கான கசற் செலவையும் சேர்த்து விலை கேளுங்கள். கசற்றுக்கள் சில குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டியவை, சில 30 பாகை வரை வெளியே தாங்கும். சித்திரை வைகாசியில் எங்கள் களஞ்சிய அறை 30 பாகையில் நிற்காது. காலாவதித் திகதி ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால், பெரிய பெட்டியாக வாங்கினால் பாதி குப்பைக்குப் போகும். பழுது பார்க்க ஆள் கொழும்பில் இருந்து எத்தனை நாளில் வருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எலெக்ட்ரோலைட் மெஷின் என்றால் சலமும் செய்யுமா என்று கேளுங்கள். ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த மெஷினோடு நாள்முழுக்க இருக்கப்போவது அவர்கள்தான்.

நன்கொடைக்கு இன்னொரு இடத்தையும் சொல்ல வேண்டும், அது பரிசோதனையே அல்ல. 2022இல் வெளியான ஸ்ட்ரோங்-எச்.எஃப். ஆய்வில் 1,078 பேர். வீட்டுக்கு அனுப்பிய பிறகு முதலாம், இரண்டாம், மூன்றாம், ஆறாம் கிழமைகளில் கூப்பிட்டு, பரிசோதித்து, இருதய மருந்துகளை இரண்டு கிழமைக்குள் முழு அளவுக்கு ஏற்றினார்கள். ஆறு மாதத்தில் மரணமோ திரும்ப அனுமதியோ 23.3 சதவீதத்தில் இருந்து 15.2 ஆகக் குறைந்தது. ஒவ்வொரு வருகையிலும் நாடித்துடிப்பு, அழுத்தம், பொட்டாசியம், சிறுநீரகம், என்.ரி. புரோ பி.என்.பி. ஆகியவற்றைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டினார்கள். இலக்கம் ஏறினால் மெதுவாகப் போனார்கள். இலக்கங்கள் உண்மையாக வேலை செய்த இடம் இதுதான், ஏனென்றால் அவற்றைப் பார்க்க ஓர் ஆளும், திரும்பி வர ஒரு வழியும் இருந்தன. எங்கள் நோயாளிக்கு அடுத்த கிளினிக் திகதி ஒரு மாதம் கழித்து. நெல் வெட்டு நேரம் என்றால் வரமாட்டார். மார்கழியில் வெள்ளம் குறுக்கே நின்றால் வர முடியாது. ஓட்டோவுக்குக் காசில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "வேலை இருந்தது டொக்டர்" என்பார். இரண்டு கிழமைக்குள் திரும்பி வருவதற்கான போக்குவரத்துச் செலவை ஒரு சங்கம் பொறுப்பெடுத்தால், வருடத்துக்கு எத்தனையோ பேரின் இரண்டாவது அனுமதி தவிர்க்கப்படும் என்று நான் நம்புகிறேன்.

டொக்டர்மாருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு விடும் துண்டில் "இதயச் செயலிழப்பு, குணமடைந்தார்" என்று மட்டும் எழுதாமல், போகும் நாளின் நிறை, யூரியா, கிரியேற்றினின், சோடியம், பொட்டாசியம், செய்திருந்தால் என்.ரி. புரோ பி.என்.பி. ஆகியவற்றைத் திகதியோடு எழுதுங்கள். அதையே கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலும் எழுதிவிடுங்கள், உள்ளே எங்கேயோ வேண்டாம். வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்: காலையில் சலம் கழித்த பிறகு, சாப்பிட முதல், அதே தராசில் நிறை பார்த்து எழுத வேண்டும். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் வர வேண்டும், மூச்சு முட்டினால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு ஃபோன் எடுக்க வேண்டும். தராசு இல்லாத வீடுகள்தான் கூட. அப்படியானால் பக்கத்துக் கடையில், கிளினிக் சென்ரரில், எங்காவது கிழமைக்கு இரண்டு தரமாவது பார்க்கச் சொல்லுங்கள்.